ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்

மாருதி பிரெஸ்ஸாவின் நீளம் 3995 மில்லிமீட்டர். டாடா நெக்ஸானும் 3995. கியா சோனெட், ஸ்கோடா கைலாக் இரண்டும் அதேதான். நிசான் மேக்னைட் இன்னும் ஒன்று குறைத்து 3994. சொல்லி வைத்ததுபோல் எல்லாரும் நான்கு மீட்டர் கோட்டைத் தொடாமல் நிற்கிறார்கள். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களின் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16க்கு இறக்கினார்கள். ‘சிறிய’ என்பதற்கு அன்று வைத்த அளவு இந்த நான்கு மீட்டர். எஞ்சினுக்கும் வரம்பு உண்டு: பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500. கலால் போய் ஜிஎஸ்டி வந்த பிறகும் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

வரிக்காகப் போட்ட வேலியில் நயம் பார்க்க என்ன இருக்கிறது? வெண்பாவுக்குத் தளை எப்படியோ, இந்த வண்டிகளுக்கு இந்தக் கோடு அப்படி. தளை தட்டாததாலேயே ஒன்று கவிதையாகிவிடாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2012இல் வந்த மஹிந்திரா குவாண்டோ, ஸைலோவின் வாலை நறுக்கிச் செய்த வண்டி. நறுக்கிய இடம் தூரத்திலிருந்தே தெரிந்தது.

அடுத்த வருடம் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்தது. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். கதவு பக்கவாட்டில் திறக்கும். ஆனால் கைப்பிடி எங்கே? புதிதாகப் பார்க்கிறவர் கதவெல்லாம் தடவிவிட்டு உரிமையாளர் முகத்தைப் பார்ப்பார். வலப்பக்க டெயில் லேம்ப்பின் ஓரத்திலேயே அதை ஒளித்து வைத்திருந்தார்கள். விளக்கு முடிந்து கைப்பிடி தொடங்கும் இடம் சட்டென்று கண்ணில் படாது. எஞ்சினில் இதைவிட நுட்பம். 999 சிசி எக்கோபூஸ்ட், மூன்று சிலிண்டர். அதன் பிளாக்கை ஓர் ஏ4 தாளின் மேல் நிறுத்திவிடலாம். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே குலுங்கும். அதற்கு வழக்கமான மருந்து எதிர்த்திசையில் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட். அதைச் சேர்த்தால் எடை கூடும், உராய்வும் கூடும். ஃபோர்டு பொறியாளர்கள் அதை விட்டுவிட்டு, ஃப்ளைவீலையும் முன்பக்கப் புல்லியையும் வேண்டுமென்றே சமன் தப்பச் செய்தார்கள். குலுக்கல் போய்விடாது; உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாக உறைக்காத திசைக்குத் திரும்பிவிடும். கோணலைக் கோணலாலேயே நிமிர்த்திய இந்த வேலைக்கு விளம்பரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். 2022இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. பழைய எக்கோஸ்போர்ட்காரர்கள் இன்றும் வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சாலைப் பயணத்தைவிடத் தெருப் பயணத்தில்தான் இந்த வண்டிகளின் குணம் தெரியும். 2020இல் ஹூண்டாய் வென்யுவில் வந்த ஐஎம்டி கியரை எடுத்துக்கொள்ளுங்கள். கியர் ராடு உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. ராடின் மேல் கை வைத்து அசைக்கத் தொடங்கியதுமே உள்ளிருக்கும் சென்சார் நம் எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். மிதிக்கிற வேலையை ஓர் ஆக்சுவேட்டர் பார்த்துக்கொள்ளும். ஊர்ந்து போகும் நெரிசலில் இடது கால் சும்மா கிடக்க, எந்தக் கியரில் போவது என்ற முடிவு மட்டும் நம் கையில் இருக்கும். முழு ஆட்டோமேட்டிக் இதைவிடச் சௌகரியம்தான். ஆனால் ஓட்டுகிறவருக்கு எந்த வேலை சலிக்கிறது, எது பிடிக்கிறது என்று பிரித்துப் பார்த்து, சலிப்பதை மட்டும் எடுத்துக்கொண்ட நாகரிகம் அதில் இல்லை.

பிரெஸ்ஸா கதை விசித்திரம். அதன் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி. உடம்பைக் குறுக்கியும் வரிச்சலுகை கிடையாது. 2016இல் முதல் பிரெஸ்ஸா 1248 சிசி டீசலோடு வந்தபோது அளவெடுத்த சட்டை இது. டீசல் போனது, சட்டை நின்றுவிட்டது. காகிதத்தில் இதன் இழுவிசை 136.8 நியூட்டன் மீட்டர், அதுவும் 4400 சுற்றில். கைலாக்கின் ஒரு லிட்டர் டர்போ 1750 சுற்றிலேயே 178 தருகிறது. ஆனால் காய்கறிக்கடைச் சந்தில் இரண்டாம் கியரில் உருட்டும்போது காகிதம் கைகொடுப்பதில்லை. டர்போ விழித்துக்கொள்வதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடும். பிரெஸ்ஸாவின் நான்கு சிலிண்டர் பாதம் கேட்ட அளவு கொடுக்கும், கூடுதலாக ஒரு சிட்டிகை கிடையாது. மைல்ட் ஹைப்ரிட் வைத்த பிரெஸ்ஸா சிக்னலில் அணைந்து திரும்ப உயிர்க்கும்போது ஸ்டார்ட்டரின் அந்தக் கரகரப்பு இல்லை. பெல்ட் வழியாகவே எஞ்சினைச் சுழற்றிவிடுகிறது. பக்கத்தில் உறங்குகிறவர் விழிக்கமாட்டார்.

ஒரகடத்தில் பிறக்கும் மேக்னைட்டைப் பற்றி ஒரே வரி: திரும்பும் ஆரம் ஐந்து மீட்டர், தரையிலிருந்து உயரம் 205 மில்லிமீட்டர், நம் தெருக்களை அளந்து பார்த்து வைத்ததுபோன்ற இரண்டு எண்கள்.

ஒரே நீளத்துக்குள் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கம்பெனிகளின் மனம் தெரிகிறது. பிரெஸ்ஸாவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2500 மில்லிமீட்டர், நெக்ஸானில் 2498. மஹிந்திராவின் எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓவில் 2600. வெளியே நீட்ட வழியில்லாததால் சக்கரங்களை ஓரங்களுக்குத் தள்ளி, பத்து சென்டிமீட்டரைப் பின்சீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கொடுத்துவிட்டார்கள். டிக்கி இளைத்தது. தாத்தா பாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது கருணை. வாராவாரம் ஊருக்குப் போய் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றி வருகிறவருக்கு வஞ்சனை.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று காலியான பைபாஸில் ஓட்டக் கொடுப்பார்கள். மாலை ஆறரைக்குப் போய், கடைத்தெரு வழியாக ஒரு சுற்று வரவேண்டும் என்று கேளுங்கள். பின்சீட்டில் வீட்டுப் பெரியவர் ஒருவரும் இருக்கட்டும்.