ஹானர்ஸ் ஆய்வும் வழிகாட்டியின் நேரமும்: செல்லூரை முன்வைத்து ஒரு விமர்சனம்

இளங்கலை மாணவர் ஒருவர் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவதே ஹானர்ஸ் ஆய்வு எனப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பு இதை நான்காண்டுப் பட்டத்தின் ஒரு பிரிவாக வைத்துள்ளது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவர்கள் ‘ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ்’ படிக்கலாம். அதில் 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு உரியது. ஆய்வு செய்யாத ஹானர்ஸ் மாணவர் அந்த 12 கிரெடிட்டுக்கு ஈடாக மூன்று பாடங்களைப் படித்தால் போதும்.

ஓர் ஆய்வுக்கு மூன்று பாடங்கள் ஈடு என்ற இந்தக் கணக்கு மாணவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாகவே தெரியும். ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படி இல்லை. மூன்று பாடங்கள் நடத்தினால் அவை கால அட்டவணையில் ஏறும். வாரத்துக்கு இத்தனை மணி என்று பணிச்சுமையில் சேரும். ஒரு மாணவியுடன் உட்கார்ந்து, அவர் எழுதிவந்த இரண்டு பக்கத்தை வரிவரியாகத் திருத்துவதற்கு எந்த மணியும் கிடையாது. யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடிக் கற்பித்தல் என்கிறது. வகுப்பும் ஆய்வகமுமே அதை நிரப்பிவிடுகின்றன. வழிகாட்டல் மாலை நான்கு மணிக்கு மேல், ஆசிரியரின் நல்ல மனத்தை நம்பி நடக்கிற காரியமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு ஹானர்ஸ் புதிதல்ல. பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இண்டர்மீடியட்டுக்குப் பிறகு மூன்றாண்டு ஹானர்ஸ் படிப்பு இருந்தது. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் முடித்தது அந்த பி.ஏ. ஹானர்ஸ்தான். அந்தப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம் என்றெல்லாம் இல்லை, பெரும்பாலும் தேர்வுதான். ஆனால் அதற்குள்ளிருந்தே ஆய்வாளர்கள் வந்தார்கள். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் மாணவராக இருந்தபோதே எஸ். சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது 1928இல் சென்னை வந்திருந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சொமர்ஃபெல்டுடனான சந்திப்பு. மாணவர் படித்துவைத்திருந்த அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்று சொன்ன சொமர்ஃபெல்டு, அச்சுக்குப் போயிருந்த தம் புதிய கட்டுரையின் மெய்ப்புப் படியையும் அவரிடம் கொடுத்தார்.

இன்னொரு எடுத்துக்காட்டு லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீன். அன்றைய கணித ஹானர்ஸ் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் பழைய தேர்வு மரபைத் தழுவியது. ரசீன் தம் மாணவர்களைப் பாடத்திட்டத்துக்கு வெளியே பிரான்சில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த நவீன கணிதத்தின் பக்கம் திருப்பினார். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். 1953இல் லயோலாவில் ஹானர்ஸ் முடித்த சி.எஸ். சேஷாத்ரியும், எம்.எஸ். நரசிம்மனும் அப்படிப் போனவர்கள். பின்னாளில் இருவர் பெயராலும் ஒரு தேற்றம் வழங்குகிறது. சேஷாத்ரி சென்னைக் கணிதவியல் கழகத்தை நிறுவினார். இவ்விருவரையும் உருவாக்கியதில் கிரெடிட்டுக்குப் பங்கில்லை. எதைப் படிக்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பல ஆண்டுகள் அருகில் இருந்தார். (ராமானுஜனை இங்கே இழுக்கத் தேவையில்லை. அவர் விதிவிலக்கு, விதிவிலக்கை வைத்துத் திட்டம் போட முடியாது.)

இந்த அளவுகோலை மதுரைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். வைகையின் வடகரையில் உள்ள செல்லூர் தறிக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கிருந்து கோரிப்பாளையத்தில் உள்ள மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். அமெரிக்கன் கல்லூரியும் பக்கம்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இந்தத் தெருக்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு ஆய்வுக் கேள்வி தேடி அலைய வேண்டியதில்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாய் நிறைந்தால் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். அது ஏன் தெருவுக்குள் வந்தது என்பது புவியியல், வரலாறு, பொருளியல், வேதியியல் என எந்தத் துறை மாணவிக்கும் ஏற்ற கேள்வி.

கேள்வி வாசலிலேயே இருந்தாலும் அதை ஆய்வாக்க ஒருவர் துணை வேண்டும். வாய்க்காலின் பழைய அகலத்தை அறிய நில அளவை வரைபடத்தையும் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதற்கான மனுவை எழுதக் கற்றுத்தர வேண்டும். கல்லூரி முத்திரையுடன் கடிதம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது களத்துக்குப் போவது என்று சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் இரட்டைப்படைப் பருவம் பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரில் தொடங்குகிறது. ஆய்வேட்டைக் கடைசிப் பருவத்தில் வைத்தால், மாணவி நோட்டும் பேனாவுமாகப் போகும்போது மழை ஓய்ந்திருக்கும். நல்ல வழிகாட்டி இதை முந்தைய ஜூனிலேயே சொல்லிவிடுவார். வழிகாட்டியின் பெயர் பருவம் தொடங்கியபின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் துறையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

தறியும் அப்படித்தான். பாவு, ஊடை, பண்ணை, நாடா என்ற சொற்களோடு வளர்ந்த பிள்ளைக்கு அந்த அறிவு ஆய்வுக்கு மூலதனம் என்று எடுத்துச்சொல்ல ஆள் இல்லாவிட்டால், நெசவைப் பற்றிய ஆய்வேடும் இணையத்தில் கிடைத்த பத்து ஆங்கிலப் பத்திகளாகத்தான் முடியும். கல்லூரிகளை ஒட்டி ஜெராக்ஸ் கடைகளோடு ‘புராஜெக்ட் சென்டர்’களும் இருப்பதை நாம் அறிவோம். கருப்பு அட்டை, தங்க எழுத்து, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே விலை. அங்கே போகும் மாணவரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அவர் கையில் இருக்கும் ஆய்வேட்டை ஆசிரியர் முதன்முதலாகப் பார்ப்பது கையெழுத்திடும் நாளில் என்றால், கடை நிரப்புவது ஆசிரியர் இருந்திருக்க வேண்டிய இடத்தை.

அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஹானர்ஸ் என்றால் கௌரவம். கௌரவப் படிப்புக்குக் கௌரவ விரிவுரையாளர் வழிகாட்டுவது பொருத்தம்தான் என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் பணி நிரந்தரம் இல்லாதவர் இரண்டு பருவங்களுக்கு நீளும் ஆய்வுக்கு எதை நம்பிப் பொறுப்பேற்பார்? முனைவர் பட்டத்துக்கு இந்தக் கவலை விதியிலேயே இருக்கிறது. 2022 நவம்பர் விதிமுறைப்படி நிரந்தர ஆசிரியரே நெறியாளர் ஆகலாம். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் எடுக்கக் கூடாது. அதே விதிமுறை, 75 சதவீதத்துடன் நான்காண்டுப் பட்டம் பெற்றவர் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது; எம்.ஃபில். படிப்பையும் நிறுத்தியது. இடையில் ஆய்வு பழகுவதற்கு இருந்த படி போய்விட்டது. அந்தப் பழக்கம் முழுவதையும் இந்த 12 கிரெடிட் தர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. நான்காவது ஆண்டுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை வைத்துப் பேருந்துக் கட்டணமும் புத்தகமும் பார்க்கும் வீட்டில் ஓர் ஆண்டு என்பது பெரிய தொகை. ஆனால் அந்த மறுப்பு மட்டும் வழிகாட்டலைக் கொண்டுவந்துவிடாது. மூன்றாம் ஆண்டில் இப்போது நடக்கும் புராஜெக்ட்டுக்கும் மேலே சொன்ன குறைகள் அத்தனையும் பொருந்தும். மத்திய அரசும் மாநில அரசும் ஆண்டுக் கணக்கில்தான் முரண்படுகின்றன. ஆசிரியரின் மணிக்கணக்கை இரண்டுமே பேசவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969இல் தொடங்கிய இளங்கலை ஆய்வு வாய்ப்புத் திட்டம் வேறு வழியில் போனது. முதலாண்டு மாணவரும் பேராசிரியரின் ஆய்வில் சேரலாம். கிரெடிட்டாகவோ ஊதியமாகவோ பலன் பெறலாம். அந்தப் பணம் இங்கே இல்லை. ஆனால் தொடங்கும் காலத்தை மாற்றப் பணம் வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டிலேயே, மதிப்பெண் வரம்பு வைக்காமல், ஆர்வம் உள்ள நாலைந்து பேரை ஓர் ஆசிரியரோடு சேர்க்கலாம். அவரது 16 மணியில் இரண்டு மணியை ‘வழிகாட்டல்’ என்று அட்டவணையிலேயே எழுதலாம். அதற்கான வகுப்புகளை எடுக்க இன்னொருவர் வேண்டும். ஆகவே காலிப் பணியிடங்களை நிரப்புவதும் ஆய்வுத் திட்டத்தின் பகுதிதான். மாணவர் செயல்திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் சிறு நிதியுதவி தருகிறது. அதற்கு விண்ணப்பிப்பதையே முதல் பயிற்சியாக வைக்கலாம். அப்படித் தொடங்கினால், செல்லூர் மாணவிக்குக் கண்மாய் நிறைவதைப் பார்க்கப் பட்டம் முடிவதற்குள் இரண்டு மழைக்காலங்கள் கிடைக்கும்.