கிராம்பு எட்டும் தூரம்

கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து ராத்தூக்கம் போனால், நம் வீடுகளில் முதலில் தேடுவது அஞ்சறைப்பெட்டியைத்தான். வலிக்கிற பல்லின்மேல் ஒரு கிராம்பை வைத்துக் கடித்தால் சுரீரென்று காரம் ஏறும், நாக்கோரம் மரத்துப்போகும், மெல்ல வலி அடங்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கிராம்புத் தைலம் இதையே இன்னும் வேகமாகச் செய்கிறது. இந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவோரை என்னால் ஏற்க முடியாது. 'இயற்கை ஆன்டிபயாடிக்' என்று இப்போது அதற்குச் சூட்டும் பட்டத்தையும் ஏற்க முடியாது.

தைலத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை இருப்பது யூஜெனால். கொழுப்பில் கரைவதால் அது பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. உள்ளிருப்பவை கசிந்து கிருமி சாகிறது. வலி அடங்குவதற்குக் காரணம் வேறு: நரம்பு வலியைக் கடத்துவதை யூஜெனால் தடுக்கிறது. குவைத்தில் 73 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஊசி குத்தும் முன் வாய்க்குள் தடவிய கிராம்புக் களிம்பு, பல் மருத்துவத்தில் வழக்கமாகப் பயன்படும் பென்சோகெய்னுக்கு இணையாக வலியைக் குறைத்தது. பாட்டி சொன்னது பொய்யில்லை.

ஆனால் கிருமி விஷயத்தில் அளவைப் பார்க்க வேண்டும். கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தைலம் தோய்ந்த காகித வில்லையை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். அந்த வளையத்தைக் காட்டித்தான் பெரும்பாலான விளம்பரங்கள் பேசுகின்றன. ஆனால் எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை வளையம் சொல்லாது. எளிதில் மடியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளை அடக்க அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்கூடத் தேவைப்படாது. யூஜெனாலோ பல நூறு மைக்ரோகிராம் வேண்டும். ஈறின் மேற்பரப்பில் அவ்வளவு தடவலாம். ரத்தத்தில் அந்த அளவை எட்டவிட்டால் கிருமிக்கு முன்னே நமக்குத்தான் ஆபத்து. 5 முதல் 10 மில்லிலிட்டர் கிராம்புத் தைலத்தைக் குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தைக்கு வலிப்பும் ஆழ்மயக்கமும் கல்லீரல் பாதிப்பும் வந்ததை 1993இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. குப்பி சின்னதுதான், அதைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சரக்கின் தரம் இன்னொரு தொல்லை. நல்ல கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். எண்ணெய் வடித்தெடுத்த சக்கையும் கலந்து விற்பனைக்கு வருகிறது. அதை எத்தனை கடித்தாலும் பயனில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மரத்துப்போதல்தான். என் அப்பா பத்து நாள் பஞ்சில் தைலம் நனைத்துச் சொத்தைக்குள் வைத்துக்கொண்டார். வலி விட்டது, மருத்துவரிடம் போவது தள்ளிப்போனது. பதினோராம் நாள் காலையில் தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சீழ் பல்லின் வேர் நுனியில், எலும்புக்குள் கட்டியிருந்தது. மேலே வைத்த தைலம் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வலி என்ற ஒரே எச்சரிக்கையையும் அது அடக்கி வைத்திருந்தது.

மருத்துவர் பல்லைத் திறந்து சீழை வடித்தார். அடுத்தடுத்த நாட்களில் வேரைத் துப்புரவாக்கி, துத்தநாக ஆக்சைடில் யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். வீடு திரும்பும்போது அப்பாவின் வாயில் அதே கிராம்பு மணம்.