கமெண்ட் அடுக்கும் கலை: மூன்று தரவுத்தளங்கள், மூன்று பாணிகள்

தரவுத்தள சர்வர் ஒன்றின் மூலநிரலை முதன்முறை திறப்பவருக்கு வியப்பூட்டுவது நிரல் அல்ல, அதனிடையே கிடக்கும் உரைநடைதான். இந்தப் பூட்டை ஏன் அந்தப் பூட்டுக்கு முன்னால் எடுக்க வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று இருபது வரி எழுதிவிட்டு, கீழே இரண்டே வரி நிரல் இருக்கும். பின்னால் வருகிறவருக்காக எழுதப்பட்ட அந்தக் கமெண்ட்டை எப்படி அடுக்குவது என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் பெர்க்லியில் பிறந்தது. 1986-ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் அங்கே தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் வாரிசு அது. அங்கிருந்து வந்த பிஎஸ்டி இண்டெண்ட் கருவியின் வழித்தோன்றல்தான் அதன் நிரலை இன்றும் சீர்செய்கிறது. அதை இயக்கும் ஸ்கிரிப்டுக்குப் பெயர் பிஜிஇண்டெண்ட். நான்கு இட டேப், 80 எழுத்து அகலச் சாளரத்தில் படிக்கத் தக்க வரி என்பவை அதன் அடிப்படைகள். // என்று தொடங்கும் கமெண்ட்டுக்கு இடமில்லை. எழுதினால் கருவியே /* */ ஆக்கிவிடும்.

நுட்பம் அதற்கு மேல்தான் இருக்கிறது. வரியின் முதல் எழுத்திலேயே தொடங்கும் கமெண்ட் தொகுதியைக் கருவி தொடாது. உள்தள்ளி எழுதியதைச் சாதாரணப் பத்தி என்று எடுத்துக்கொண்டு வரிகளை மடக்கிச் சேர்த்துவிடும். அதற்குள் ஓர் அட்டவணையோ பிட்டுகளின் வரைபடமோ இருந்தால் கூழாகிவிடும். அதைத் தடுக்க, தொடக்கக் குறியை ஒட்டிச் சிறுகோடுகளை வரிசையாக இட்டால் போதும். கருவி ஒதுங்கிப் போகும். நான் பார்த்த ஏற்பாடுகளில் இதுவே மிக நாகரிகமானது. பொதுவிதிக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும், ஆனால் காரணத்தோடு விலக நினைப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் வெளியீட்டுக் காலத்தில்தான் மொத்தமாகச் சீர்செய்வார்கள். 2023 முதல் அன்றன்றே ஒழுங்காக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. பரிசோதனைக்கான கணினிப் பண்ணையில் இதற்கென்றே ஒன்று காவல் இருக்கிறது. (பண்ணைக் கணினிகளுக்கெல்லாம் உயிரினப் பெயர்கள், இதற்குக் குயிலின் பெயர்.)

மைஎஸ்கியூஎல் வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரு பாணிகள் இருந்தன. மாண்டி வைடேனியஸ் வகுத்த சர்வர் பாணியில் உள்தள்ளல் இரண்டு இடம். சமக்குறிக்கு முன் இடைவெளி கிடையாது. ஹெய்க்கி டூரியின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியிலோ எட்டு இட டேப். செயல்கூறின் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் அருகிலேயே அது உள்ளே வருவதா, வெளியே போவதா என்று ஒரு கமெண்ட். பார்க்கக் கனமாக இருந்தாலும் படிக்கச் சுகம். 8.0 பதிப்பின் காலத்தில் மைஎஸ்கியூஎல் கூகுள் பாணியைத் தழுவி, கிளாங்-ஃபார்மட் கருவியிடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஒருமை கிடைத்தது. ஆனால் 2009-ல் பிரிந்துபோன மரியாடிபி பழைய முறையிலேயே நின்றதால், ஒரு பக்கத் திருத்தத்தை மறுபக்கம் அப்படியே ஒட்டுவது கடினமாயிற்று.

எஸ்கியூலைட் தனிச் சர்வராக ஓடுவதில்லை என்றாலும் அதை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நிறைவாகாது. ரிச்சர்ட் ஹிப்பின் அந்த நிரலில் கமெண்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் இரட்டை நட்சத்திரம். அலங்காரம் என்று நினைத்து அதில் கைவைப்பவர் சிக்குவார். தலைப்புக் கோப்பின் கமெண்ட்டுகளிலிருந்துதான் அதன் பயன்பாட்டு ஆவணமே பிறக்கிறது. கட்டளைகளை இயக்கும் மையக் கோப்பில் விஷயம் இன்னும் தீவிரம். ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் அது தாவுமா, எந்தப் பதிவகத்தைப் படிக்கும் என்று சிறு கமெண்ட் ஒன்று உண்டு. ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்துக் கட்டளைகளின் பண்பு அட்டவணையை உருவாக்குகிறது. அந்தக் கமெண்ட்டை அழித்தால் மென்பொருளின் நடத்தையே மாறலாம். அடுக்குமுறையை மாற்றாதீர்கள் என்று கோப்பின் தலையிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

கருவிகள் கமெண்ட்டைப் படிப்பது சி மொழி உலகில் அபூர்வமும் அல்ல. ஸ்விட்ச் கூற்றில் ஒரு நிலை வேண்டுமென்றே அடுத்ததற்குள் வழிகிறது என்று சொல்லும் கமெண்ட்டை 2017-ல் வந்த ஜிசிசி 7 கம்பைலரே தேடிப் படிக்கிறது. அதற்கான எச்சரிக்கை வசதியை இயக்கியிருந்து, கமெண்ட் இல்லாவிட்டால் எச்சரிக்கிறது.

இத்தனை பாணிகளுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு. இந்த வரியை யார், எப்போது, ஏன் எழுதினார் என்று நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியிடம் கேட்டால், கடைசியாகச் சீர்செய்தவரின் பெயரைச் சொல்லும். 2019-ல் கிட் 2.23 இதற்கு வழி தந்தது: ஒதுக்க வேண்டிய மாற்றங்களைப் பட்டியலிட்டால் அவற்றைத் தாண்டிப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் அப்படியொரு பட்டியலை மூலநிரலோடேயே வைத்திருக்கிறது. சீரமைப்பு மாற்றங்கள் தனித்து நின்றால்தான் அந்தப் பட்டியலுக்குப் பயன்.

ஆகவே புதிதாக இந்தப் பணிக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: கமெண்ட்டை அழகுபடுத்தும் மாற்றத்தில் பிழைத்திருத்தம் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள், கருவியை ஓட்டுவதற்கு முன், அந்தக் கமெண்ட்டை வேறு ஏதேனும் கருவி படிக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.