கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

ஈரோடு மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் எடுத்த பேட்டிகள் எடிட் டேபிளுக்கு வந்தன. பேசுகிறவர் தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறார். திரையின் கீழே ஊரும் தொழிலும் வந்தால் போதும். டிவி சேனல்களில் இந்தப் பட்டைக்கு 'ஆஸ்டன்' என்று பெயர். ஒரு காலத்தில் இதற்கான கருவியைச் செய்த பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் அது. கருவி போய்விட்டது, பெயர் மட்டும் நியூஸ் ரூமில் தங்கிவிட்டது.

நானே உட்கார்ந்து கீஃப்ரேம் போட்டிருக்கலாம். சோம்பல். இரண்டு பிரியாணி விலையில் ஓர் அனிமேஷன் டைட்டில் டெம்ப்ளேட் வாங்கினேன். விளம்பர வீடியோவில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது, கோட்டுக்கு அடியிலிருந்து ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அகலமாக விரிந்து எழுந்து, பிறகு நெருங்கி நிற்கின்றன. அதன் கீழே இரண்டாவது வரி டைப்ரைட்டர் போலத் தட்டித் தட்டி வருகிறது. எழுத்தை மாற்றினால் போதும், வேலை முடிந்தது என்றது விளம்பரம்.

வந்தது ஒரு மோகர்ட் கோப்பு. 2017இல் அடோபி கொண்டுவந்த வகை இது: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒருவர் செய்து வைப்பார், இன்னொருவர் அதை பிரீமியர் புரோவின் டைம்லைனில் இழுத்துப் போட்டு எழுத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றிக்கொள்வார். எதையெல்லாம் மாற்றலாம் என்பது செய்தவர் திறந்து வைத்த கதவைப் பொறுத்தது. இதில் எழுத்துக்கும் நிறத்துக்கும் கதவு இருந்தது. ஃபான்ட்டுக்கு இல்லை!

நல்லவேளையாக, மோகர்ட்டை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் திறந்தால் ப்ராஜெக்டாகப் பிரிந்து வரும். பிரித்தேன். பழைய வழக்கப்படி முதலில் பாமினி ஃபான்ட்டைப் போட்டேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடைகளில் இன்றும் இதுதான் கைக்குப் பழகியது. 'மஞ்சள்' என்று அடித்தேன். திரையில் வந்தது 'முஞ்சுளு', கடைசி ளுவின் தலையில் ஒரு புள்ளியோடு.

பக்கத்தில் இருந்த உதவியாளத் தம்பி, "ஏனுங்ணா, இது எந்த ஊரு பாசைங்?" என்றான்.

பாமினியில் மஞ்சள் என்று நமக்குத் தெரிவது, கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்தும் இரண்டு அரைப்புள்ளியும்தான். டெம்ப்ளேட்டில் 'ஆல் கேப்ஸ்' பொத்தான் அழுத்தியே இருந்தது. அது சின்ன எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கிவிட்டது. பாமினியில் ம இருக்கும் விசையின் பெரிய எழுத்து மு. ச இருக்குமிடத்தில் சு. ள இருக்குமிடத்தில் ளு. ஞ ஏற்கெனவே பெரிய எழுத்து என்பதால் அது மட்டும் தப்பித்தது. பொத்தானை எடுத்ததும் மஞ்சள் திரும்பி வந்தது.

அடுத்து 'கொடுமுடி'. எழுத்துகள் விரிந்து நெருங்கும் அசைவில் டு, மு, டி மூன்றும் முழுசாக வந்தன. பாமினியில் அவை ஒவ்வொன்றும் ஒரே உரு. கொ மட்டும் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் ஒரு பக்கம் என்று மூன்று துண்டாகச் சிதறி, அரை நொடி கழித்துத்தான் சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும் அதே அசைவு, தமிழுக்கு விபத்து மாதிரி இருக்கிறது. மொடக்குறிச்சிக்கும் இதே கதி.

பாமினியை மூடிவிட்டு யூனிகோடுக்கு வந்தேன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்தே பெயர் எடுத்த கேட்டமரன் என்று மூன்றைப் போட்டுப் பார்த்து, முக்த மலரை வைத்துக்கொண்டேன். சின்ன அளவில் படிக்க அதுதான் தெளிவு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். யூனிகோடில் தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆல் கேப்ஸ் தொல்லை அதோடு ஒழிந்தது.

டைப்ரைட்டர் வரி ஒழியவில்லை. அது எக்ஸ்பிரஷனில் எழுதியது, குறிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும். மஞ்சள் என்பது நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஆறு குறி. முதலில் ம, பிறகு மஞ, அதன் பிறகே ஞவின் தலையில் புள்ளி. இதையாவது குழந்தை சிலேட்டில் எழுதுகிற மாதிரி என்று ரசிக்கலாம். 'கொப்பரை வியாபாரி'யில்தான் மானம் போனது. முதலில் க வந்து நிற்கிறது. அடுத்த தட்டில் அதன் முன்னால் கொம்பு வந்து நுழைய, நின்றிருந்த க வலது பக்கம் துள்ளுகிறது. பஸ் சீட்டில் உட்கார்ந்தவரை "கொஞ்சம் தள்ளுங்க" என்று இடிப்பது போல. ரையிலும் இதே கூத்து.

சரிசெய்வது கஷ்டமில்லை. எக்ஸ்பிரஷனை அழித்துவிட்டு, மங்கலிலிருந்து தெளியும் சாதாரண டெக்ஸ்ட் அனிமேட்டர் ஒன்றைப் போட்டேன். அதன் ரேஞ்ச் செலக்டரில் 'பேஸ்டு ஆன்' என்ற இடத்தில் கேரக்டர்ஸ் என்று இருக்கும். அதை வேர்ட்ஸ் ஆக்கினேன். மேல் வரியிலும் விரிந்து நெருங்கும் அசைவை எடுத்துவிட்டு இதையே செய்தேன். சொல் சொல்லாக வரும்போது தமிழ் உடைவதில்லை. எனக்கு அதுவே இன்னும் கம்பீரமாகத் தெரிந்தது.

அடுத்தது, கோட்டுக்கு அடியிலிருந்து எழும் எழுத்தை மறைத்துக் காட்டும் மாஸ்க். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலே புள்ளியும் இல்லை, கீழே வாலும் இல்லை. அந்த உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. கொடுமுடியின் டுவும் முவும் அடியில் அறுந்தன. மொடக்குறிச்சியில் புள்ளிகள் வெட்டுப்பட்டு 'மொடககுறிசசி' ஆனது. மாஸ்க்கை மேலும் கீழும் இழுத்து, கோட்டையும் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.

செய்தவரைப் பாராட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. பின்னால் உள்ள பெட்டி எழுத்தின் நீளத்துக்குத் தக்கபடி தானே நீள்கிறது. பவானிக்கும் சரி, மொடக்குறிச்சிக்கும் சரி. 'சோர்ஸ் ரெக்ட் அட் டைம்' என்ற எக்ஸ்பிரஷன் செய்யும் வேலை அது. ஆனால் உயரத்தையும் அதோடு கட்டியிருந்தார். அந்த எக்ஸ்பிரஷன் எழுத்தின் உருவத்தை அளக்கிறது. புள்ளியோ வாலோ உள்ள ஊருக்குப் பெட்டி உயரும், இல்லாத ஊருக்குக் குட்டையாகும். உயரத்தை மட்டும் அவிழ்த்து நிலையான எண் கொடுத்துவிட்டேன். இரண்டாவது, தொடக்க அசைவுக்கும் முடிவு அசைவுக்கும் நேரக் காப்பு வைத்திருக்கிறார். 5 நொடிப் பட்டையை 9 நொடிக்கு இழுத்தாலும் நுழைவதும் போவதும் அதே வேகம். நடுவில் நிற்பதுதான் நீள்கிறது. இதை நானே செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கடைசியாக, எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பலகத்தில் எழுத்துக்குப் பக்கத்திலுள்ள 'எடிட் ப்ராப்பர்டீஸ்' போய் ஃபான்ட் தேர்வைத் திறந்து வைத்து, புது மோகர்ட்டாக ஏற்றுமதி செய்தேன். இப்போது பிரீமியரில் தம்பியே ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்கிறான்.

இரண்டு மாலை போயின. ஒரே ஒரு வீடியோவுக்கு என்றால் நஷ்டம். வரிசையாகப் பத்து, பதினைந்து எபிசோடு என்றால் காசு வீணில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இல்லாமல் பிரீமியர் மட்டும் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். மற்றவர்கள், இலவச மாதிரி ஏதாவது கிடைத்தால் முதலில் அதில் 'கொடுமுடி' என்று அடித்து, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு பர்ஸைத் திறங்கள்.