எண்சுவடியும் நினைவுக் கோட்பாடுகளும்: காவிரிப்படுகைத் திண்ணைப்பள்ளி மனனக் கல்வி – ஒரு மதிப்பீடு

முன்னுரை

திண்ணைப்பள்ளிக் கல்வியைப் பற்றிய பேச்சில் ‘நெட்டுரு’ என்னும் சொல் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே ஆளப்படுகிறது. பொருள் உணராது திரும்பத் திரும்பச் சொல்லுதல், தவறினால் பிரம்படி என்னும் இரண்டையும் கொண்டு அதனை நடத்தைவாதம் கூறும் தூண்டல்-துலங்கல் பயிற்சியாக வகைப்படுத்துவது எளிது. இதற்கு மாறாக, அக்கல்வியை நினைவாற்றலின் பொற்காலமாகப் போற்றுவோரும் உளர். இரு சாராரும் மாணவர் மனனம் செய்த பாடத்தின் அமைப்பை நோக்குவதில்லை. அவ்வமைப்பை நோக்கினாலன்றி எந்த நினைவுக் கோட்பாடு இங்குப் பொருந்தும் என்று கூற இயலாது.

பாடத்தின் அமைப்பு

1885-இல் தம் நினைவு ஆய்வை வெளியிட்ட எர்மான் எபிங்காஸ், பொருளின் குறுக்கீட்டைத் தவிர்க்கும் பொருட்டுப் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்தார். மறதி வளைகோடு அச்சோதனையில் பிறந்தது. எண்சுவடியை இந்த அளவுகோலால் அளக்க இயலாது. அதன் சொற்கள் பொருளற்ற அசைகள் அல்ல.

கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி 320-இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். எனவே மா என்பது 20-இல் ஒரு பங்கு. தஞ்சை வட்டாரத்து நில அளவையிலோ 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ‘மும்மா’ என்று சொல்லும் சிறுவன் 20-இல் மூன்று பங்கு என்னும் பின்னத்தையும், வேலி நிலத்தில் மூன்று மா என்னும் வயற்பரப்பையும் ஒரே சொல்லால் கற்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நிலம் வேலியின் நுண்ணிய பின்னங்களாகவே குறிக்கப்பட்டுள்ளது.

நெல்லிலக்கமும் இத்தகையதே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நாழிவரை இரட்டிப்பே விதி. ஆகவே மாணவன் தனித்தனி எண்களைச் சுமப்பதில்லை. ஓர் ஒழுங்கைப் பற்றிக்கொள்கிறான். சிறு கூறுகளைப் பெருங்கூறுகளாகத் தொகுப்பதன்வழி நினைவின் கொள்ளளவு பெருகுவதை ஜார்ஜ் மில்லர் 1956-இல் விளக்கினார். கலம் என்னும் ஒரு சொல்லுக்குள் 96 நாழி அடங்கியிருப்பது அதற்குத் தக்க சான்று. திண்ணைப்பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில்பாபு, அங்கு நினைவு வெறும் சேமிப்பாக அன்றிக் கற்றல் முறையாகவே இயங்கியது எனக் காட்டியிருப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பிரம்பும் நடத்தைவாதமும்

எனினும் நடத்தைவாத விளக்கத்தை முற்றிலும் விலக்கிவிட இயலாது. பிரம்பு இருந்தது, அச்சமும் இருந்தது. ஆனால் பயிற்சி விதியையும் விளைவு விதியையும் வகுத்த தார்ண்டைக்கே 1930-களில் அவற்றைத் திருத்தினார். திரும்பச் செய்தல் மட்டுமே கற்றலை வலுப்படுத்தாது. தண்டனையின் விளைவு வெகுமதியின் விளைவுக்கு நிகராகாது என்பன அத்திருத்தங்கள். ஆகவே திண்ணையில் கற்றது நிலைத்ததற்குப் பிரம்பைக் காரணமாகக் கூறுவது அக்கோட்பாட்டின் அடிப்படையிலேயே வலுவற்றது. பிரம்பு மாணவனைத் திண்ணையில் இருத்தியிருக்கலாம். கணக்கை நினைவில் இருத்தியது பாடத்தின் ஒழுங்கும் அதன் பயன்பாடுமே.

சான்றுகளைக் கையாள்வதிலும் எச்சரிக்கை தேவை. திண்ணைப்பள்ளி வாழ்வுக்குப் பலராலும் எடுத்தாளப்படும் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940-இல் தொடராக வெளிவரத் தொடங்கியபோது, 1855-இல் பிறந்த அவர் 85 வயதை எட்டிக்கொண்டிருந்தார். நினைவுகூர்தல் என்பது பழைய பதிவை அப்படியே எடுத்தல் அன்று, மீளக் கட்டமைத்தல் என்று 1932-இல் பார்ட்லெட் நிறுவியதை மனங்கொண்டால், அந்நூலை இளமைக் கல்வியின் நேரடிப் பதிவாகவன்றி முதிர்ந்த பதிப்பாசிரியர் ஒருவரின் மீள்நோக்காகவே வாசிக்க வேண்டும்.

சூழலும் மறதியும்

பதிவின்போது உடனிருந்த குறிப்புகளே மீட்டெடுப்புக்கும் துணைசெய்யும் என்பது 1973-இல் டல்விங்கும் தாம்சனும் முன்வைத்த கொள்கை. எண்சுவடியின் குறிப்புகள் வயலிலும் களத்திலும் மரக்காலிலும் இருந்தன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவை முறை வந்தது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ சிப்பமாக எடையிடப்படுகிறது. நாழியும் தூணியும் வழக்கொழிந்தன. முந்திரியைப் பின்னமாக அறிந்தோர் அரியர். ஆனால் படுகை உழவர் பேச்சில் ‘மா’ இன்றும் வாழ்கிறது. தொழிலில் பயன்பாடு எஞ்சிய இடத்தில் சொல் எஞ்சியது. எண்சுவடியின் மறைவுக்குக் காலனியக் கல்வி உள்ளிட்ட பிற காரணங்களும் உண்டு. எனினும் மனனம் என்பதனாலேயே அது மறைந்தது என்னும் கருத்தை ‘மா’வின் நிலைபேறு ஏற்கவில்லை.

போற்றுவோர் கூற்றும் இங்கு வரம்புபெறுகிறது. நெல்லை விளைவித்து, களத்தில் அளந்த பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடம் இல்லை. மரக்காலைக் கையால் அறிந்தவர் ஒருவர். அதன் வாய்பாட்டை எழுத்தில் உடையவர் மற்றொருவர். வாரத்தையும் கூலியையும் கணக்கிடும் அதிகாரம் இரண்டாமவரிடமே இருந்தது. தனிமனித மனத்தையே அலகாகக் கொள்ளும் நினைவுக் கோட்பாடுகள் இப்பிளவைக் காண்பதில்லை. அது அவற்றின் குறை.

முடிவுரை

எண்சுவடி மனனம் பொருளற்ற நெட்டுருவும் அன்று. குறையற்ற கல்வியும் அன்று. ஒழுங்குடைய பாடம், அதனை நாள்தோறும் வேண்டிநின்ற தொழில் என்னும் இரண்டின் இணைவே அதன் வலிமை. வகுப்பறையில் மனனம் வேண்டுமா, வேண்டாவா என்னும் இன்றைய விவாதம், மனனம் செய்யப்படுவது மாணவனின் வாழ்வில் எங்கு மீட்டெடுக்கப்படும் என்னும் வினாவாக மாற வேண்டும். காவிரிநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ போன்ற நூல்களைக் கணித வரலாற்றுக்கு மட்டுமன்றிக் கற்றல் உளவியலுக்கும் உரிய மூலங்களாக ஆராய்வது அதற்குத் துணைபுரியும்.