பரதேசி என்னும் பெயரும் பழைய செப்பேடும்: மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக்கூட வரலாறு – ஒரு மறுநோக்கு

முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலுள்ள பரதேசி தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. 1662இல் போர்த்துக்கீசியரால் சிதைக்கப்பட்டு, டச்சுக்காரர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. மணிக்கூண்டும் சீனத் தரையோடுகளும் 18ஆம் நூற்றாண்டில் சேர்ந்தன. பெரும்பாலான நூல்கள் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. கட்டடத்தின் வரலாறே சமூகத்தின் வரலாறாகக் கொள்ளப்படுகிறது. இக்கூடத்தில் உள்ள, அதனினும் பழைய இரு சான்றுகள் இக்கொள்கையை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன.

இரு சான்றுகள்

முதலாவது, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குப் பொ.ஆ. 1000 அளவில் வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் அமைந்த இச்செப்பேடு உல்கு, துலாக்கூலி ஆகியவற்றினின்று விலக்கும் பகல்விளக்கு, பாவாடை, குடை முதலிய சிறப்புகளும் உட்பட 72 உரிமைகளை அளிக்கிறது. இங்குக் கூறப்படும் உல்கு, திருக்குறள் அரசனின் பொருள்வழிகளுள் ஒன்றாக எண்ணும் சுங்கமே ஆகும்.

செப்பேட்டில் வரும் 'அஞ்சுவண்ணம்' என்னும் சொல்லை யூதருக்கு மட்டும் உரியதாகக் கொண்டோர் உளர். ஆனால் 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் இச்சொல் உண்டு. அதன் சாட்சிக் கையொப்பங்கள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் அமைந்துள்ளன. தீத்தாண்டதானபுரக் கல்வெட்டும் அஞ்சுவண்ணத்தைச் சுட்டுகிறது. இவற்றைத் தொகுத்து நோக்கிய எ. சுப்பராயலு, அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர் பலர் அடங்கிய குழு என்பார். எனவே தமிழ்க் கல்வெட்டுகளை விலக்கி இச்செப்பேட்டின் பொருளை நிறுவுதல் அரிது.

இரண்டாவது, கொச்சங்காடித் தொழுகைக்கூடத்திலிருந்து கொணர்ந்து சுவரில் பதிக்கப்பட்ட 1344ஆம் ஆண்டு எபிரேயக் கல்வெட்டு.

விலக்கலின் வரலாறு

இவ்விரண்டும் ஐபீரியத் தீபகற்பம் முதலிய பகுதிகளிலிருந்து 16ஆம் நூற்றாண்டு முதல் குடியேறிய பரதேசி யூதருக்கு முற்பட்டவை. 'பரதேசி' என்பதன் பொருளே பிறநாட்டார் என்பதாகும். எனினும், தமக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்த மலபார் யூதரை அவர்கள் சம உறுப்பினராக ஏற்கவில்லை. விடுதலைபெற்ற அடிமைகளின் வழியினருக்கும் உள்ளே சம இடம் மறுக்கப்பட்டது. அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) இதனை எதிர்த்துத் தொழுகைக்கூடத்தினுள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார்.

ரப்பானின் நேர்வழியினர் எவர் என்பது விவாதத்திற்குரியது. ஆனால் காலவரிசை தெளிவானது: முந்தையோரின் உரிமைச் சான்றைக் காத்தோர், முந்தையோருக்கு அவ்விடத்தில் சமவுரிமை வழங்கவில்லை.

முடிவுரை

1568 என்பது ஒரு கட்டடத்தின் ஆண்டே. யூதர் வரலாற்றின் தொடக்கம் அன்று. செப்பேடு, கல்வெட்டு, சேலத்தின் போராட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து எழுதும்போதுதான் இத்தொழுகைக்கூடத்தின் வரலாறு நிறைவு பெறும். வட்டெழுத்தும் வணிகக்குழுக் கல்வெட்டுகளும் பயின்ற தமிழாய்வாளர்க்கு இப்பணியில் நேரடிப் பங்கு உண்டு.