ஜோடி சேராத பேட்டரிகள்

‘வேற வேற கம்பெனி பேட்டரியைச் சேர்த்து மாட்டாதீங்க’ என்பது இன்வெர்ட்டர் கடைகளில் எழுதப்படாத சட்டம். திண்டிவனத்தில் கேட்டாலும் விழுப்புரத்தில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனால் அங்கிருந்து பிரம்மதேசம் போன்ற ஊர்களுக்குப் போய்ச் சேரும்போது சட்டம் தளர்ந்துவிடுகிறது. 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட் டியூபுலர் பேட்டரிகள் இரண்டு வேண்டும். நாலாவது வருஷம் ஒன்று படுத்துவிடுகிறது. மற்றது இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஒரு பேட்டரியே பத்தாயிரத்துக்கு மேல் விற்கும்போது, நன்றாக இருப்பதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? கடையில் அன்று இருக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் புதுப் பேட்டரி வந்து பழையதன் பக்கத்தில் உட்காருகிறது.

இதை வெறும் சிக்கனம் என்று ஒதுக்க முடியாது. பேட்டரியை நம்ப வேண்டிய பகுதி இது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் பல இடங்கள் இருளில் கிடந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரைச் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மின்வாரியக் கம்பியோடு இணைந்து, பேட்டரி இல்லாமல் ஓடும் அமைப்பு, கம்பியில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்ப்பவரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. ஆகவே புயல் நாளில் விளக்கும் மின்விசிறியும் பேட்டரியின் பொறுப்பு.

கலப்பு ஜோடியின் குறை, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் சீரீஸ் இணைப்பில்தான் முழுதாக வெளிப்படும். அதில் இரண்டு பேட்டரிக்குள்ளும் ஓடுவது ஒரே மின்னோட்டம். புதியது 150 ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி), பழையது தேய்ந்து 90 ஏ.ஹெச் என்று வைத்துக்கொள்வோம். பழையது முதலில் காலியாகும். இன்வெர்ட்டருக்கு இது தெரியாது. அது பார்ப்பது மொத்த வோல்ட்டை மட்டுமே. 21 வோல்ட்டில் நிற்கும்படி அமைத்திருந்தால், ஒவ்வொன்றும் 10.5-இல் இருப்பதாக அது கணக்கு போடுகிறது. உண்மையில் புதியது 12-இலும் பழையது 9-இலும் இருக்கக்கூடும். சார்ஜ் ஏறும்போதும் இதே ஏமாற்றம். மொத்தம் 28.8 வோல்ட் சரியாகத் தெரியும். அதற்குள் பழையது 15.3 வரை ஏறித் தண்ணீரைக் கொதிக்கவிட, புதியது 13.5-இல் அரைகுறையாக நிற்கும். முழுதாக சார்ஜ் ஏறாத ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். ஒன்று பட்டினியாலும் மற்றது அஜீரணத்தாலும் சாகும் குடித்தனம் இது. 3.6 யூனிட் சேமிக்க வேண்டிய ஜோடி 2.16 யூனிட்டோடு நின்றுவிடும். புதியதன் மிச்சத் திறனுக்குக் கொடுத்த பணம் வீண்.

இந்தக் கணக்கில் கம்பெனிப் பெயர் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கெடுத்தது வயது வித்தியாசம். பழைய எக்ஸைடுக்குப் பக்கத்தில் புது எக்ஸைடை வைத்தாலும், பழைய அமரானுக்குப் பக்கத்தில் புது அமரானை வைத்தாலும் நடக்கப்போவது இதுதான். கடைச் சட்டத்தின் பெரிய ஓட்டையும் இதுவே. ‘அதே கம்பெனிதானே வாங்கினோம்’ என்ற நிம்மதியோடு ஒருவர் அதே தவறைச் செய்துவிட அது இடம் கொடுக்கிறது.

அதற்காகச் சட்டத்தை முழுக்கத் தள்ளவும் முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி தகட்டின் உலோகக் கலவையும் ஆசிட்டின் அடர்த்தியும் சார்ஜ் வோல்ட் பரிந்துரையும் மாறும். லேபிளும் ஏமாற்றும்: ஒன்றில் 150 ஏ.ஹெச் என்பது சி-10 கணக்கு, அதாவது பத்து மணி நேரத்தில் காலியாக்கினால் கிடைப்பது. இன்னொன்றில் அதே 150 சி-20 கணக்கு. பத்து மணி நேர வேகத்தில் இரண்டாவது அவ்வளவு தராது. புதிதாகவே வாங்கினாலும் இவை சரியான ஜோடி அல்ல.

பேரலல் இணைப்பில் தீர்ப்பு மாறுகிறது. அங்கே வோல்ட் பொது, மின்னோட்டம் பிரியும். வலுவானது அதிகம் தரும், நலிந்தது தன்னால் முடிந்ததைத் தரும். மேலே சொன்ன அதே இரண்டும் 12 வோல்ட்டில் பேரலலாக நின்றால் 240 ஏ.ஹெச், அதாவது 2.88 யூனிட் கணக்கு. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: பழையதில் ஒரு செல் ஷார்ட் ஆனால் புதியது தன் சார்ஜையெல்லாம் அதற்குள் கொட்டும். தனித்தனி ஃபியூஸும் சம நீளக் கேபிளும் இல்லாத பேரலல் இணைப்பு தீக்கு அழைப்பு. இருக்கும் 24 வோல்ட் இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு இந்த வழிக்கு மாறவும் முடியாது.

டியூபுலர் போன்ற லெட்-ஆசிட் பேட்டரியோடு லித்தியத்தை நேரடியாகச் சேர்ப்பதற்கு மட்டும் சலுகையே கிடையாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஓய்வில் 13.2 வோல்ட் அளவில் நிற்கும். முழு சார்ஜில் இருக்கும் லெட்-ஆசிட் 12.7-இல். சுமையின் பெரும்பங்கை லித்தியம் இழுக்க, மற்றது பெயருக்கு நிற்கும். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனி சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். மறுபடி சீரீஸ் ஜோடிக்கு வந்தால், வோல்ட்டைச் சமப்படுத்த என்று சிலர் பரிந்துரைக்கும் பேலன்ஸர் சிறு ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டும்; இழந்துபோன 60 ஏ.ஹெச்சை அதனால் திருப்பித் தர முடியாது.

ஆகவே கேட்க வேண்டியது கம்பெனி எது என்பதல்ல. வயது என்ன, வகை என்ன, மிச்சத் திறன் எவ்வளவு, இணைப்பு எது என்பதே. பழையதைத் தனியே முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டு, ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, தெரிந்த சுமையைக் கொடுத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளந்தால் விடை கிடைத்துவிடும். 24 வோல்ட் சீரீஸில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவதே மலிவு. மிஞ்சிய பழையதையும் வீணாக்க வேண்டியதில்லை: தனியாக ஒரு சின்னப் பேனல், ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் எல்இடி விளக்குகள் என்று மாட்டுக்கொட்டகைக்கோ மோட்டார் அறைக்கோ கொடுக்கலாம். அதற்கும் ஆகாதென்றால் ஈயத்துக்கு விலை உண்டு, எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்ளலாம். கலப்பதால் மிச்சமாவதாகத் தோன்றும் பத்தாயிரம், சில வருஷத்தில் புதியதையும் சேர்த்துக் கேட்கும் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.